பெருங்குழற் கைத்துப்பாக்கி: ஒரு நம்பிக்கையின் வரலாறு

ஆயுதங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் அமைப்பையும் அவை பயன்பட்ட போர்களையுமே விரித்துரைத்துச் செல்வர். ஆயுதத்தைக் கையில் ஏந்தியவர் அதன்மீது வைத்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு ஆராயப்படுவது அரிது. கைத்துப்பாக்கியின் குழல் எத்துணை அகன்றதோ அத்துணை உறுதியாக அஃது எதிரியை நின்ற நிலையிலேயே வீழ்த்தும் என்பது அத்தகைய நம்பிக்கைகளுள் ஒன்று. இந்நம்பிக்கை வேரூன்றியதில் இந்தியாவிற்குப் பெரும்பங்கு உண்டு. அஃது எத்துணை மெய் என்பதற்கு ஒரு கொடிய சான்று நமது கொழும்பு மாநகரிலேயே கிடைத்தது.

றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் அமைப்பு யாவரும் ஓரளவு அறிந்ததே. ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களைத் தாங்கிய உருளை ஒன்று, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கூறு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலின் நேரே கொணர்ந்து நிறுத்தும். குழலின் உள்விட்டம் அங்குலத்தின் நூற்றுக் கூறுகளாற் குறிக்கப்படும். 'முப்பத்தெட்டு' என்றால் 0.38 அங்குலம், 'நாற்பத்தைந்து' என்றால் 0.45 அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஓரங்குலத்தின் பதினான்கில் ஒரு பங்குதானும் இல்லை. இச்சிறு வேற்றுமையைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாகப் போர் வீரரும் வேட்டைக்காரரும் மருத்துவரும் வாதித்து வந்துள்ளனர் என்பது வியப்பைத் தருவதாகும்.

பெருங்குழல்மீது ஆங்கிலேயர் கொண்ட காதலுக்கு இலங்கைக் காடுகளும் ஒரு காரணம் எனலாம். நுவரெலியாவிற் குடியேறி 1854இல் இத்தீவின் வேட்டையைப் பற்றி நூல் எழுதி வெளியிட்ட சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் நிறையுள்ள நெடுந்துப்பாக்கி ஒன்றை யானை வேட்டைக்கெனச் செய்வித்து வைத்திருந்தார். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகப் பெயர்பெற்ற மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டதை மலைநாட்டார் நெடுங்காலம் கதையாகப் பேசி வந்தனர். யானையின் மண்டையோட்டைத் துளைப்பதற்குக் கனத்த குண்டு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் யானைக்குப் பொருந்திய கணக்கை மனிதனுக்கும் பொருத்தியவிடத்தேதான் சிக்கல் தொடங்கிற்று.

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ற் என்பவர் தமது சுழல் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்தார். அதே ஆண்டில் றொபேட் அடம்ஸ் என்னும் ஆங்கிலேயரும் தமது துப்பாக்கிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கோல்றின் 'நேவி' வகை 0.36 அங்குலக் குழலை உடையது. ஒவ்வொரு முறையும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்த பின்னரே சுடலாம். தூரத்து இலக்கைச் செம்மையாகத் தாக்கும். அடம்ஸினதோ விசையை இழுத்த மாத்திரத்தில் வெடிக்கும். குறியிற் சிறிது தாழ்ந்தது. ஆனால் குழல் அகன்றது, குண்டு கனத்தது. இவ்விரண்டுள் எது சிறந்தது என்ற வாதம் கிரைமியப் போரிலும் முடியவில்லை. அதனை முடித்து வைத்தது, அல்லது முடித்து வைத்ததாகப் பலராலும் கருதப்பட்டது, 1857ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியிற் பிறந்த ஒரு கதையாகும்.

அக்கதையை எழுத்திற் பதித்தவர் ஜோர்ஜ் வின்சன்ற் பொஸ்பெரி. வங்காளப் படையிற் பணியாற்றி, 1863இல் வடமேற்கு எல்லையிலே நடந்த அம்பேலாப் போரில் விக்ரோறியாச் சிலுவை பெற்றவர் இவர். பின்னாளிற் சுழல் துப்பாக்கி ஒன்றைத் தாமே அமைத்தும் பெயர் பெற்றார். அவர் கூறியது இது. குறிபார்த்துச் சுடுவதிற் பெருமை கொண்ட அதிகாரி ஒருவரை வாளேந்திய சிப்பாய் ஒருவன் எதிர்த்து ஓடிவந்தான். அதிகாரியின் கையில் இருந்தது கோல்ற் நேவித் துப்பாக்கி. ஓடிவந்தவன்மீது ஆறு குண்டுகளையும் சுட்டுத் தீர்த்த அதிகாரி, பயன் யாதெனப் பார்ப்பதற்கு ஒரு கணம் தாமதித்தார். அக்கணத்திலேயே சிப்பாயின் வாள் அவர் தலையைப் பிளந்தது. சிப்பாயும் அவர் அருகிலேயே வீழ்ந்து இறந்தான். ஆறு குண்டுகளுள் ஐந்து அவன் மார்பின் கீழ்ப்பகுதியில் ஒன்றையொன்று அடுத்துப் பாய்ந்து, உடலை ஊடுருவிச் சென்றிருந்தனவாம்.

வரலாற்று மாணவர் இக்கதையைச் சிறிது நிதானித்து நோக்குதல் வேண்டும். பொஸ்பெரி இதனைக் கண்ணாற் கண்டவர் அல்லர். கண்டதாகச் சொன்ன ஒருவரிடமிருந்து கேட்டவர். அதிகாரியின் பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. சிப்பாய்க்குப் பெயர் இராமையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், கதையை உள்ளவாறே கொண்டாலும் அது காட்டுவது குண்டின் சிறுமையை மட்டும் அன்று. ஐந்து குண்டுகள் வயிற்றுக்குச் சற்று மேலே பாய்ந்தன. இருதயத்திலோ மூளையிலோ ஒன்றேனும் பாயவில்லை. அத்தகைய காயம் பட்டவன் சில வினாடிகள் இயங்குதல் மருத்துவத்துக்குப் புறம்பானது அன்று. எனினும் கேட்டவர் மனத்தில் நிலைத்தது ஒன்றே: சிறு குண்டு 'வெறிகொண்ட' கீழைத்தேசத்தவனை நிறுத்தமாட்டாது. கிளர்ச்சியின் பின் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரை ஆட்கொண்ட அச்சம் இம்முடிவுக்கு உரமாயிற்று. தான் ஆளும் மக்களின் நடுவே உறங்க வேண்டியிருந்தவனுக்கு, உறையிலிருந்த ஆயுதத்தின் கனம் ஆறுதல் அளித்திருக்கும்.

இவ்வாறுதல் சட்டத்தாலும் காக்கப்பட்டது. லிற்றன் பிரபு இராசப்பிரதிநிதியாக இருந்தபோது 1878இல் நிறைவேறிய ஆயுதச் சட்டம், இந்தியர் உத்தரவுப் பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைத் தடுத்தது, ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. பெருங்குழற் கைத்துப்பாக்கி யார் கையிலிருந்து யாரை நோக்கி நீட்டப்படுவது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

1887இல் பிரித்தானியப் படை வெப்லித் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டா 0.455 எனக் குறிக்கப்பட்டது. குண்டின் நிறை 265 கிறெயின். கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரின் தொழிற்சாலையில், உடலிற் பட்டதும் விரியும் நெடுந்துப்பாக்கிக் குண்டுகள் 1890களின் பிற்பகுதியிற் செய்யப்பட்டன. அந்த ஊரின் பெயரே உலக மொழிகள் பலவற்றில் அக்குண்டின் பெயராய் வழங்கலாயிற்று. வெப்லிக்கும் அத்தகைய தோட்டா ஒன்று 1898இல் வந்தது. முனை குழிந்த அக்குண்டினை 'மனிதரை நிறுத்துவது' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர்.

1899இல் ஹேக் நகரிற் கூடிய சமாதான மகாநாடு விரியும் குண்டுகளைத் தடைசெய்ய முற்பட்டது. அங்கே பிரித்தானியாவின் சார்பில் எதிர்த்து நின்றவர் சேர் ஜோன் ஆர்டா. நாகரிக நாட்டுப் போர்வீரன் காயம் பட்டால் வைத்தியசாலையை நாடுவான். காட்டு மனிதனோ காயத்தைப் பொருட்படுத்தாது முன்னேறுவான். ஆதலால் அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பொஸ்பெரி கூறிய பெயரற்ற சிப்பாய் ஹேக் மண்டபத்திலும் வாளுடன் வந்து நின்றான் என்றே கூறலாம். வாதம் எடுபடவில்லை, பெரும்பாலான நாடுகள் தடையை ஏற்றன. வெப்லியின் குழிமுனைத் தோட்டாவும் 1900இற் படையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அகன்ற குழல்மீது கொண்ட நம்பிக்கை நீங்கவில்லை.

இதே கதை சில ஆண்டுகளின் பின் பிலிப்பைன் தீவுகளில் மீண்டும் நிகழ்ந்தது. மோரோ வீரர் அமெரிக்கரின் 0.38 சுழல் துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கிக்கொண்டும் முன்னேறினர் என்னும் முறைப்பாடு எழுந்தது. 1904இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு படை அதிகாரிகள் சிக்காகோவின் கால்நடைத் தொழுவங்களில் மாடுகளையும், வேறிடத்திற் பிணங்களையும் சுட்டு ஆராய்ந்து, 0.45 அங்குலத்திற் குறைந்த குழல் போர்க்கு ஆகாது என அறிக்கை செய்தனர். சுடப்பட்ட மாடுகள் சில வீழாது நின்றமையால் அவற்றைச் சம்மட்டியால் அடித்துக் கொல்ல நேர்ந்தது. அவ்வாராய்ச்சியை அறிவியல் முறையென்று கூறுதல் தகுதியோ என்பது ஐயத்துக்குரியது. மோரோ வீரருள் நெடுந்துப்பாக்கியின் வன்மையான குண்டு பட்டும் நில்லாதார் இருந்தமையை அவ்வறிக்கையைப் போற்றுவோர் பெரிதும் எடுத்துரைப்பதில்லை.

நிற்க. கனத்த குண்டு மனிதனைத் தள்ளி வீழ்த்துமா என்பதை, மாடுகளைச் சுடாமலே, ஐசாக் நியூற்றனைக் கொண்டு அறியலாம். 265 கிறெயின் என்பது ஏறத்தாழ 17 கிராம். வெப்லியிலிருந்து அக்குண்டு செக்கனுக்கு 600 அடி, அதாவது 183 மீற்றர் வேகத்துடன் வெளிப்படும். அதன் உந்தத்தைக் கணித்தால், வேகங் குறைந்த பந்து வீச்சாளன் ஒருவன் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் எறியும் கிறிக்கெற் பந்தின் உந்தத்துக்கு அது சமமாதல் காணலாம். அறுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதன் ஒருவனின் உடலில் அது முழுதும் சேர்ந்தாலும், அவன் பெறும் வேகம் செக்கனுக்கு ஐந்து சதமமீற்றரே. கிறிக்கெற் பந்து மார்பிற் பட்ட மாணவன் நோவான், பின்னோக்கிப் பறக்கமாட்டான். தாக்கமும் மறுதாக்கமும் சமமாதலின், எதிரியைத் தூக்கியெறியும் வலிமை குண்டுக்கு உண்டாயின் சுட்டவனும் தூக்கியெறியப்பட வேண்டும் அன்றோ? திரைப்படங்களில் மட்டுமே இவ்விதி மீறப்படுகின்றது.

குண்டு கொல்வது தள்ளுதலால் அன்று, துளைத்தலால். அது செல்லும் வழியில் எவ்வுறுப்பு இருந்தது என்பதே வாழ்வையும் சாவையும் பெரும்பாலும் வரையறுக்கும். அகன்ற குண்டு சற்று அகன்ற துளையிடும். குருதி சற்று விரைந்து வெளியேறும். இது நன்மையே எனினும், குறி பிழைத்தவனுக்கு இந்நன்மை உதவாது.

குறி பிழைப்பதற்கோ பெருங்குழல் தானே காரணமாகிறது. முதலாம் உலகப் போரின்போது 1915இல் வந்த ஆறாம் வகை வெப்லி 1.1 கிலோகிராம் நிறையுடையது. நூலகத்து அகராதி ஒன்றைக் கை நீட்டி ஒற்றைக்கையால் ஏந்தி நின்று பார்ப்பவருக்கு இந்நிறையின் தன்மை புலப்படும். வெடித்தவுடன் அத்துப்பாக்கி செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று மீற்றர் வேகத்துடன் கையைப் பின்னோக்கி உதைக்கும். குழல் மேனோக்கி எழும். பழகிய கை அதனைத் தாங்கி மீளும். பழகாதவனோ இரண்டாம் முறை விசையை இழுக்குமுன்னரே உதைப்பை எண்ணி அஞ்சுகின்றான், கண் இமைக்கின்றது, மணிக்கட்டு தாழ்கின்றது, குண்டு மண்ணைத் துளைக்கின்றது. சில கிழமைப் பயிற்சியுடன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகள் வெப்லியால் எதனையும் தாக்க இயலாது வருந்தினர். போரின் பின் பிரித்தானியப் படை தன் நம்பிக்கையைத் தானே கைவிட்டு, 1932இல் 0.38 அங்குல என்பீல்ட் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. இலகுவிற் கற்பிக்கலாம் என்பதே அதற்குக் கூறப்பட்ட முதன்மையான காரணம். 2010களின் நடுப்பகுதியில் அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுத் துறையும், பெரிய தோட்டாக்களைச் சில காலம் கையாண்ட பின்னர், இதே காரணம் பற்றி ஒன்பது மில்லிமீற்றர் தோட்டாவுக்கு மீண்டது.

அங்ஙனமாயின் இன்றும் பலர் பெருங்குழலை விரும்புவது ஏன் என்ற வினா எழும். அவர்களை வெறும் மூடர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. நன்கு கடைந்த உருக்கின் செம்மை, உருளை பூட்டிக்கொள்ளும் ஓசை, பெரும் உதைப்பைத் தன் கையால் அடக்கினேன் என்னும் மகிழ்ச்சி ஆகியன மெய்யான இன்பங்களே. முரட்டுக் குதிரையை அடக்குபவனும் இதனையே நாடுகின்றான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தவரான எல்மர் கீத், கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம் என்று பல்லாண்டுகள் எழுதியும் வேண்டியும் வந்ததன் பயனாக 1955இல் 0.44 மக்னம் தோட்டா பிறந்தது. அதன் குண்டு வெப்லியினதைவிடச் சிறிது இலேசானது. ஆயினும் செக்கனுக்கு ஏறத்தாழ 1400 அடி வேகமுடையது. அதனைச் சுடுபவன் கையில் வாங்கும் உதைப்பின் சத்தி வெப்லியினதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேட்டைக்காரர் சிலருக்கே உரியதாயிருந்த அத்துப்பாக்கியை, 1971இல் வெளிவந்த 'டேட்டி ஹரி' என்னும் திரைப்படம் கடைதோறும் தேடவைத்தது. 2003இல் அரை அங்குலக் குழலுடன் ஒன்று தோன்றியது. அது நீண்ட குழலுடன் இரண்டு கிலோகிராம் நிறை கொண்டது, உருளையில் ஐந்து தோட்டாக்களே கொள்ளும். கரடி உலாவும் அலாஸ்காக் காட்டில் நடப்பவனுக்கு அது பயன்படலாம். வீட்டில் வைத்திருப்பவனுக்கோ, சுவரைத் துளைத்து அயல்வீட்டாரையும் அச்சுறுத்தும் ஒரு சுமையே அது. வாங்கியோர் பலர் சில தோட்டாக்களைச் சுட்டபின் பெட்டியில் வைத்து மூடிவிடுகின்றனர் என்பதை அவ்விளையாட்டில் ஈடுபட்டோரே நகைத்துக் கூறுவர்.

இனிக் கொழும்புக்கு வருவோம். இந்நகரத்துப் பழைய கலகங்களில் மக்கள் கையில் இருந்தவை தடியும் கல்லுமே. 1883இல் உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதியது அவ்வாறே. துப்பாக்கி அரசினர் பக்கத்திலேயே இருந்தது. 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டதும், படையினரும் ஐரோப்பியத் தொண்டர்களும் விசாரணையின்றியே மக்களைச் சுட்டனர் என்பதைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும், 1916இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலும் அஞ்சாது எடுத்துரைத்தார். அதே 1916இலேயே 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் பிறந்து, உத்தரவுப் பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஆகவே இலங்கையிற் பெருங்குழற் கைத்துப்பாக்கி இன்பத்துக்குரிய பொருளாக என்றும் பரவியதில்லை.

அவ்வாறான ஒரு நகரில், 1959ஆம் ஆண்டு செத்தெம்பர் 25ஆந் திகதி காலை, றொஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்தின் விறாந்தையிற் காத்திருந்தோரைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சந்தித்துக்கொண்டிருந்தார். வந்தோருள் ஒருவர் கண் வைத்தியரும் பிக்குவுமாகிய தல்துவே சோமராம. பிக்குவை வணங்குதற்குப் பிரதமர் குனிந்தபோது, சோமராம துவராடைக்குள் மறைத்திருந்த 0.45 அங்குலச் சுழல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். இரு முழ தூரங்கூட இல்லை. படை அதிகாரிகள் பல மாதம் பழகியும் கைவரப் பெறாத ஆயுதம், அத்தூரத்தில் ஒரு வைத்தியரின் கையில் முற்றும் போதுமானதாயிற்று. வாயிற் காவலர் சுட்டதனாற் காயமுற்றுச் சோமராம பிடிபட்டார். 1958 கலவரத்தின் நினைவு மாறாத வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், சுட்டவர் எவ்வினத்தவர் என்பதை அறியுமட்டும் எவ்வாறு கதிகலங்கியிருப்பர் என்பதை உணர்தல் அரிதன்று.

சதியின் விவரங்கள் 1961இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ரீ. எஸ். பெர்னாந்து முன்னிலையில் விசாரிக்கப்பட்டன. களனி விகாரையின் மாபிட்டிகம புத்தரக்கித தேரர் உள்ளிட்ட மூவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சோமராம 1962 யூலை 6ஆந் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். இவை பலரும் எழுதியவை. இக்கட்டுரையின் பொருளுக்கு வேண்டியது, சுடப்பட்ட பின் நிகழ்ந்ததாகும்.

முதற் குண்டு பட்டதும் பண்டாரநாயக்க வீழ்ந்து கிடக்கவில்லை. தள்ளாடியவாறு வீட்டினுள்ளே திரும்பினார். சோமராம பின்தொடர்ந்து மேலும் சுட்டார். ஒரு பேரரசு 'மனிதரை நிறுத்துவது' என்று பல்லாண்டு போற்றிய அளவினதான குழல், கை எட்டும் தூரத்தில், உடல் வலிமையிற் சிறந்தவர் என்று சொல்லப்படாத அறுபது வயதினர் ஒருவரை உடனே நிறுத்தவில்லை. அவர் வெறிகொண்டவரும் அல்லர். காட்டு மனிதரும் அல்லர். ஒக்ஸ்போட்டிற் கற்ற நியாயவாதி. 1857இன் பெயரற்ற சிப்பாயைப் பற்றிக் கூறப்பட்டது இவருக்கும் நேர்ந்தது. உயிர்நிலை உடனே அற்றுப்போகாத எந்த மனிதனுக்கும் அது நேரும். ஆர்டா ஹேக் நகரில் நாகரிகத்தின் பெயரால் வரைந்த கோடு அந்த விறாந்தையில் அழிந்து போயிற்று.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ஆர். அந்தோனிஸ் உள்ளிட்ட சத்திரசிகிச்சை நிபுணர்கள் பல மணி நேரம் போராடினர். பிரதமர் நினைவு தவறாதிருந்து, நாட்டு மக்களுக்கு ஒரு செய்தியையும் விடுத்தார். தம்மைச் சுட்டவரைத் துவராடை உடுத்த ஒரு பேதை எனக் குறிப்பிட்டு, அவர்மீது இரக்கம் காட்டுமாறும், எவரும் பழிவாங்க முற்படாதிருக்குமாறும் கேட்டுக்கொண்டார். மறுநாள் 26ஆந் திகதி காலையில் அவர் உயிர் பிரிந்தது.